கொல்லைச் சோளம் பூத்து ஓயட்டும், பிறகு ஸ்வீட் கார்ன் ஊன்றுவோம்

அன்புள்ள மாடித்தோட்ட உறவுகளுக்கு,

பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம், செந்துறை, வேப்பந்தட்டை என்று ஊர் ஊராக மொட்டை மாடியிலும் வீட்டுக்குப் பின்னாலும் கத்தரி, தக்காளி, வெண்டை வளர்த்துப் பழகிய உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதும் மடல் இது. மார்கழி முடியப் போகிறது. தை பிறந்ததும் விதைக்கடைக்குப் போகிறவர்களில் பலர் இந்த முறை ஸ்வீட் கார்ன் பாக்கெட்டையும் கையில் எடுப்பீர்கள். பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா போட்டிருப்பார். வாங்குவதற்கு முன் நம் இரண்டு மாவட்டங்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்காது.

சென்னையிலோ கோவையிலோ மாடியில் ஸ்வீட் கார்ன் போடுகிறவர்களுக்கு மண், தண்ணீர், பூச்சி என்று மூன்று கவலைகள். நமக்கு நான்காவதாக ஒன்று உண்டு. நம்மைச் சுற்றி வயல்களில், நாம் கொல்லை என்று சொல்லும் நிலத்தில், நிற்கும் மக்காச்சோளம்தான் அது.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. அரியலூரிலும் கரிசல் இருக்கும் இடமெல்லாம் அதுதான். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் மழையை நம்பி மானாவாரியில் ஊன்றிய பயிர் கார்த்திகையில் ஆளுயரம் நிற்கும். தை, மாசியில் கருது ஒடித்து, மிஷினில் அடித்து, தார்ச்சாலை ஓரத்தில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறோம். அது நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகிறது. மிச்சம் ஸ்டார்ச் ஆலைக்கும் எத்தனால் ஆலைக்கும் போகிறது. நம் வீட்டு அடுப்புக்கு வருவது பால் பிடித்த பருவத்தில் ஒடித்து வந்து அவித்த நாலு கருதுதான். இவ்வளவு மக்காச்சோளத்தை விளைய வைத்துவிட்டு, கப்பில் போட்டு வெண்ணெயும் மிளகுத்தூளும் கலந்து தரும் ஸ்வீட் கார்னைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறோம். அதை வீட்டிலேயே விளையவைத்தால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான்.

ஆனால் கொல்லையில் நிற்கும் மக்காச்சோளமும் உங்கள் மாடியில் நிற்கும் ஸ்வீட் கார்னும் ஒரே இனம். இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தால், உங்கள் ஸ்வீட் கார்ன் இனிக்காது.

காரணம் இதுதான். மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் இருக்கிறது, பெண் பூ தட்டையின் இடுப்பில் கருதாக இருக்கிறது. உச்சிப்பூ விரிந்ததும் மஞ்சள் தூளாக மகரந்தம் உதிரும். ஒரு செடியே லட்சக்கணக்கில் உதிர்க்கும். அதைக் கொண்டுபோவது காற்று. இரண்டொரு நாளில் கருதின் நுனியில் மீசை தள்ளும். அந்த மீசையின் ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரு மணியில் போய் முடிகிறது. நூலின் மேல் மகரந்தம் விழுந்தால் அந்த மணி பிடிக்கும், விழாவிட்டால் அந்த இடம் காலி.

தக்காளியிலோ மாங்காயிலோ எந்தச் செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் நாம் தின்னும் சதை தாய்ச்செடியுடையது. ருசி மாறாது. மக்காச்சோளத்தில் நாம் தின்பது விதையை. அந்த விதைக்குள் மாவும் சர்க்கரையும் சேரும் பகுதி தாயிடமிருந்து இரண்டு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் வாங்கிக்கொண்டு உருவாகிறது. ஸ்வீட் கார்ன் இனிப்பதற்குக் காரணம், சர்க்கரையை மாவாக மாற்றும் வேலையைச் சரியாகச் செய்யாத ஒரு மரபணு. அது இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். கொல்லைச் சோளத்தின் மகரந்தம் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் போதும், குறை நீங்கி, அந்த மணி சர்க்கரையை மாவாக்கிவிடும். அடுத்த தலைமுறையில் அல்ல, அதே கருதிலேயே. அவித்துக் கடித்தால் சப்பென்று, கோழித்தீவன ருசியில் இருக்கும். விதைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் அவரைத் திட்டுவோம். அவர்மேல் தவறு இருக்காது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்வீட் கார்னிலேயே இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பழைய வகை. இன்னொன்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் 1953இல் எடுத்துச் சொன்ன மரபணுவிலிருந்து வந்த அதிக இனிப்பு வகை. அதன் விதை காய்ந்தால் மாவில்லாமல் சுருங்கி, எடையற்றுப் போய்விடும். இன்று கடைகளில் கிடைக்கும் ஒட்டு ரகங்களில் பல இந்த இரண்டாம் வகை. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றின் மகரந்தம் மற்றதைக் கெடுக்கும். இருவேறு குறைகள் என்பதால் ஒன்று மற்றதன் குறையைத் தீர்த்து, இரண்டு செடியின் மணியும் மாவாகும். ஆகவே உங்கள் வீட்டில் ஒரு ரகமும் எதிர்வீட்டில் வேறு ரகமுமாக ஒரே வாரத்தில் ஊன்றாதீர்கள். வெள்ளைச் சோளமோ இருங்குச் சோளமோ பக்கத்தில் பூத்தால் பயமில்லை. அது வேறு இனம், மக்காச்சோளத்தோடு சேராது.

விதை உற்பத்தி செய்கிறவர்கள் மக்காச்சோள ரகங்களுக்கிடையே 200 முதல் 400 மீட்டர் வரை இடைவெளி விடுகிறார்கள். நம் ஊர்களில் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் கொல்லை. அவ்வளவு தூரத்துக்கு நாம் எங்கே போவது? தூரத்தால் பிரிக்க முடியாததைக் காலத்தால் பிரிக்கலாம். நான் சொல்ல வந்தது இதுதான்: நம் மாவட்டங்களில் ஸ்வீட் கார்னுக்கு முதல் எரு பட்டம்.

மானாவாரி மக்காச்சோளம் கார்த்திகையிலும் மார்கழியிலும் பூக்கும். தை நடுவில் அதன் மகரந்தம் ஓய்ந்துவிடும். நீங்கள் தை 1 முதல் 15க்குள் ஸ்வீட் கார்ன் ஊன்றினால் 45 முதல் 50 நாளில், மாசிப் பிற்பாதியில் அல்லது பங்குனித் தொடக்கத்தில் பூக்கும். அப்போது சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் எதுவும் பூவில் இருக்காது. கருது பங்குனியில் கைக்கு வரும். இன்னும் தள்ளிப் போட்டு மாசியில் ஊன்றினால் பூ பங்குனி, சித்திரை வெயிலில் மாட்டும். 38 டிகிரியைத் தாண்டிய வெயிலில் மகரந்தம் சீக்கிரம் செத்துப்போகும், மீசையும் காய்ந்துவிடும். அதனால்தான் தை முதல் பாதி என்று அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் யாராவது கோடை மக்காச்சோளம் போட்டிருந்தால் எப்போது ஊன்றினார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கும் உங்களுக்கும் மூன்று வாரம் முன்பின் இருந்தால் போதும்.

இரண்டாவது பட்டம் ஆனிக் கடைசி, ஆடித் தொடக்கம். ஆவணியில் பூக்கும், கொல்லையில் அப்போதுதான் உழவு ஓடும். இதில் தொல்லை ஆடிக்காற்று. மாடியில் பையோடு செடியைச் சாய்த்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் ஸ்வீட் கார்ன் ஊன்றாதீர்கள். ஊர்ச் சோளத்தோடு சேர்ந்து பூக்கும், ஊர்ப் புழுவும் அதன்மேல் ஏறும்.

இனி எத்தனை செடி என்பது. தொட்டியில் ஒரு செடி, படிக்கட்டில் ஒரு செடி என்று அழகுக்கு வைக்கிற பயிர் இது இல்லை. தனியாக நிற்கும் செடியின் மகரந்தம் காற்றோடு போய்விடும், மீசைக்கு வராது. கருதை உரித்துப் பார்த்தால் பொக்கை வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருக்கும். ஒரே வரிசையாக நீளவாக்கில் வைத்தாலும் இதே கதைதான். சதுரமாக, நெருக்கமாக, குறைந்தது 16 முதல் 20 செடியாவது ஒன்றாக நிற்க வேண்டும். மாடியில் கைப்பிடிச் சுவர் காற்றை மறிக்கும் என்பதால் இது இன்னும் அவசியம்.

15 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள பையில் 3 செடி தாராளமாக நிற்கும். அப்படி 6 பை வைத்தால் 18 செடி. இரண்டு வரிசையில் மும்மூன்றாக, பையோடு பை ஒட்டி வையுங்கள். அந்த அளவுப் பை ஒன்று சுமார் 40 லிட்டர் கொள்ளும். தண்ணீர் ஊற்றிய பின் எடை 40 கிலோவை நெருங்கும். ஆறு பைக்குச் சேர்த்துக் கால் டன். ஆகவே மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ வரும் இடத்தின்மேல் வையுங்கள். 12 அங்குலப் பை என்றால் ஒரு பைக்கு ஒரு செடி, மிஞ்சினால் இரண்டு.

பைக்குக் காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு அரியலூரில் காலி சிமெண்ட் சாக்குக்குப் பஞ்சமில்லை. உட்புறத்தை வெளியே திருப்பி இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்து, பாதிவரை சுருட்டிவிட்டு, அடிப்பக்கத்தில் ஐந்தாறு துளை போட்டுப் பயன்படுத்தலாம். அலசாமல் போட்டால் சிமெண்டின் காரம் மண்ணில் ஏறும். நம் மண்ணில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. வெயிலில் சாக்கு ஒரு பட்டம்தான் தாங்கும், அடுத்த முறை இற்றுப்போகும்.

கொல்லையில் பொன்னாக விளையும் கரிசல் பைக்குள் உதவாது. நனைந்தால் களியாகும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். ஆட்டுப் புழுக்கை நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். புதிதாகப் போடாமல் மக்க வைத்துப் போடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் தரையில் போடுகிறவர்கள் கரிசலிலேயே போடலாம், பாத்தியை மேடாக்கித் தண்ணீர் தேங்காமல் பார்த்தால் சரி.

அரியலூர்ப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் அங்கே வந்ததற்கே அதுதான் காரணம். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. மக்காச்சோளம் அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். குருத்தில் வரும் இளம் இலையின் அடிப்பாகத்தில், நடு நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டையாக வெளுத்திருந்தால் அது துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்தால் சில நாளில் புதிய இலை பச்சையாக வரும். அதுவே அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகிக்கொண்டு வந்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். மக்காச்சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். 20ஆம் நாள், 35ஆம் நாள், பூக்கும் சமயம் என்று மூன்று முறையாவது கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த தண்ணீரை நீர்க்கச் செய்து ஊற்றுங்கள். சாம்பலை உரமென்று அள்ளிக் கொட்டாதீர்கள், காரம் கூடும்.

போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் கடினம். பை மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால், ஒரு நாள் நிறைய ஊற்றி அடித்துளை வழியாக வழியவிட்டு உப்பை வெளியேற்றுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பூக்கும் வாரத்துக்கென்று ஒதுக்குங்கள். மீசை தள்ளுவதற்கு ஒரு வாரம் முன்னும் இரண்டு வாரம் பின்னும் பை ஒருநாள்கூட வாடக் கூடாது. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. மற்ற நாட்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பயிர் மன்னிக்கும்.

விதையைப் பற்றி இரண்டு வார்த்தை. சுகர் 75 போன்ற ஒட்டு ரகங்களும், மாதுரி, பிரியா போன்ற பொது ரகங்களும் நாட்டில் புழக்கத்தில் உள்ளன. ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே குணம் வராது. சுருங்கிய விதைக்குள் சேமிப்பு குறைவு என்பதால் முளைக்கும் தெம்பும் குறைவு. இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடாமல், ஈரமான மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் குழிக்கு இரண்டாக ஊன்றி, முளைத்தபின் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசிய விதை பூஞ்சாண மருந்து கலந்தது. மீந்ததைப் பிள்ளைகள் கையிலும் கோழிக்கும் எட்டாமல் வையுங்கள்.

படைப்புழுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் முதலில் காணப்பட்ட அந்த அமெரிக்கப் புழு, அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகைக்குள் நம் கொல்லைகளைச் சல்லடையாக்கியதும், மாநில அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்ததும் நம் வீடுகளில் மறக்கக்கூடிய செய்தி அல்ல. மாடியில் 18 செடிக்கு அது வந்தால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம், கண்ணும் விரலும் போதும். முளைத்த ஒரு வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தியது போன்ற முட்டைக் கூட்டம் தெரிந்தால் நசுக்கிவிடுங்கள். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கும் மேல் இருக்கும். இலையில் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பொட்டுகள் தெரிந்தால் குஞ்சுப்புழு வந்தாயிற்று. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடந்தால் பெரிய புழு உள்ளே இருக்கிறது. அதிகாலையிலோ அந்தி சாய்ந்தோ ஈர்க்குச்சியால் எடுத்துப் பாருங்கள். தலையில் தலைகீழ் ஒய் போல வெள்ளைக் கோடும், வாலருகே சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் அதேதான். குருத்துக்குள் ஒரு சிட்டிகை காய்ந்த மணலைப் போட்டு வைத்தால் புழுவுக்குத் தொல்லை. மீறினால் வேப்பெண்ணெய்க் கரைசலோ பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தோ மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கலாம். தின்னப்போகும் கருதுக்குக் கொல்லையில் அடிக்கும் மருந்தை மாடிக்குக் கொண்டுவராதீர்கள்.

பூக்கும் வாரம்தான் இந்த வேலையில் எல்லாவற்றையும் விட முக்கியமானது. பனி உலர்ந்தபின் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் மாடிக்குப் போங்கள். உச்சிப்பூவின் அடியில் ஒரு தாளை ஏந்திக்கொண்டு தட்டையை விரலால் சுண்டினால் மஞ்சள் தூள் கொட்டும். அதை அப்படியே பக்கத்துச் செடிகளின் மீசைமேல் தூவுங்கள். எல்லா நூலும் ஒரே நாளில் வெளியே வராது. கருதின் அடிப்பாகத்து நூல் முதலில் வரும், நுனியுடையது கடைசியில் வரும். அதனால் நாலைந்து நாள் தொடர்ந்து தூவ வேண்டும். இல்லாவிட்டால் நுனி மட்டும் மொட்டையாக நிற்கும். பிடித்ததா என்று அறிய உரித்துப் பார்க்க வேண்டாம். மகரந்தம் ஏற்ற நூல் வளர்ச்சியை நிறுத்தி வாடத் தொடங்கும், ஏற்காத நூல் நீண்டுகொண்டே போகும். ஒரு வாரம் கழித்தும் மீசை பச்சையாக நீளமாகத் தொங்கினால் உங்கள் கைவேலை போதவில்லை.

இந்தச் சமயத்தில் அடித்தட்டையிலிருந்து விரல் விரலாகத் தாங்கு வேர்கள் இறங்கும். அவை மூடும்படி கொஞ்சம் மண் அணைத்து, பைகளைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். மீசை பழுப்பானதும் அணிலும் கிளியும் வரும். கருதுக்கு ஒரு துணியோ காகித உறையோ போட்டுவிட்டால் தப்பிக்கும். ஒரு செடியில் ஒரு கருதுதான் நன்றாகத் திரளும். இரண்டாவது வந்தால் மீசை தள்ளிய மறுநாளே ஒடித்துப் பேபி கார்னாகப் பொரியலில் போட்டுவிடுங்கள்.

அதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் நாலு பை வைக்கத்தான் இடமிருக்கிறது என்றால் ஸ்வீட் கார்ன் வேண்டாம், பேபி கார்ன் போடுங்கள். மகரந்தம் சேருவதற்கு முன்பே, மீசை எட்டிப்பார்த்த இரண்டொரு நாளில் ஒடிப்பதால், கூட்டமாக நிற்க வேண்டியதில்லை, கொல்லைச் சோளம் பூத்தாலும் கவலையில்லை. உச்சிப்பூ வெளிவந்ததும் அதைக் கிள்ளிவிடலாம். 55, 60 நாளில் வேலை முடிந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. அது கிடைக்காவிட்டால் சாயம் பூசாத எந்த மக்காச்சோள விதையிலும் இளங்கருது ஒடிக்கலாம்.

ஸ்வீட் கார்ன் அறுவடைக்கு நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மீசை தள்ளி 18 முதல் 22 நாளுக்குள், மீசை காய்ந்து தோகை இன்னும் பச்சையாக இருக்கும்போது, தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பால் போன்ற சாறு பீறிட்டால் பதம். தண்ணீராக இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். மாவாகக் குழைந்தால் காலம் கடந்துவிட்டது. ஒடித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை குறையத் தொடங்கும், பழைய வகையில் வேகமாக, புதிய வகையில் மெதுவாக. காலையில் ஒடித்துக் காலைப் பலகாரத்துக்கே அவித்துவிடுங்கள். கடையில் வாங்கும் கருதுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த முதல் கடியில் தெரிந்துவிடும்.

ரூபாய்க் கணக்கில் இது கட்டாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 6 பை, ஏறக்குறைய எழுபது நாள், 18 கருது. அவ்வளவையும் கடையில் வாங்கினால் பைக்கும் கோகோபீட்டுக்கும் ஆன செலவில் பாதிகூட ஆகாது. இரண்டாம் மூன்றாம் பட்டத்தில் பை ஏற்கெனவே இருக்கும், செலவு இறங்கும். ஆனாலும் லாபத்துக்குப் போடும் பயிர் இல்லை இது. மருந்தடிக்காத கருது வேண்டும், பிள்ளைகள் அதை ஒடித்துத் தின்ன வேண்டும், தாத்தா பாட்டி கொல்லையில் செய்கிற வேலையில் ஒரு துளியாவது அவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கான பயிர்.

ஊருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் இருக்கிறது. கொல்லையில் மக்காச்சோளம் இல்லாத மாதங்களில் நாம் மாடியில் வளர்க்கிறோம். படைப்புழுவுக்கு அப்போது சாப்பாடு நம் பைகளில்தான். கவனிக்காமல் விட்டால் அங்கே அது ஒரு தலைமுறை பெருகி, புரட்டாசியில் கொல்லைக்கு இறங்கும். குறிப்பாக ஆடிப்பட்டத்தில் போடுகிறவர்கள் கருது ஒடித்த அன்றே தட்டையைப் பிடுங்கி, நறுக்கி மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். மாடில்லாதவர்கள் மாடுள்ளவர்களிடம் கொடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பை மண்ணைக் கிளறி வெயிலில் காயவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு சாகும். அடுத்து அதே பையில் கொத்தவரையோ தட்டைப்பயறோ போடுங்கள், மண்ணும் தேறும். கொல்லையில் பயிர் வைத்திருப்பவர் நம் சித்தப்பாவாகவோ மாமாவாகவோதான் இருப்பார். நம் 18 கருதுக்காக அவருடைய மகசூல் கெடக் கூடாது.

சந்தேகம் வந்தால் கேட்க இடமிருக்கிறது. பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையம், அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் நிலையம். வெளுத்த இலையையோ பிடித்த புழுவையோ ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போனில் விவரிப்பதைவிட அது பயன்படும். மாடித்தோட்டத்துக்கான பைகளும் பொருட்களும் மானிய விலையில் இருக்கின்றனவா என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே உறவுகளே, உங்களிடம் கேட்பது மூன்று. ஒரே தெருவில் இருப்பவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் ஊன்றுங்கள். எட்டுச் செடி வைத்த வீடும் பத்துச் செடி வைத்த வீடும் ஒட்டி நின்றால் இரண்டு வீட்டுக் கருதும் நிறையும். தை 15க்குப் பிறகு ஆசைப்பட்டு ஊன்றாதீர்கள், ஆனிக் கடைசி வரை பொறுங்கள். புரட்டாசி பாதிக்குப் பிறகு உங்கள் மாடியில் ஒரு மக்காச்சோளத் தட்டைகூட நிற்க வேண்டாம். அந்தப் பட்டம் கொல்லைக்காரர்களுடையது.

அன்புடன்,
பெரம்பலூரிலிருந்து ஒரு மாடித்தோட்டக்காரன்